ஒலி ஒன்று, எழுத்து வேறு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் கம்பனையோ வள்ளுவனையோ பற்றிப் பேசுவதே மரபு. அவ்வாறு பேசவல்ல கற்றறிந்த பெரியோர் சிலர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலம் கழித்து வருகிறோம். ஆதலின் நம் மேசையின்மீது நாள்தோறும் வந்து விழும் ஒரு பொருளைப் பற்றியே பேச விழைகிறோம். ஒன்றுபோல் ஒலித்து வேறுபட எழுதப்படும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே அப்பொருள். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். பேச்சு முடியுமுன் தமிழுக்கே வந்து சேர்வோம்.

நம் ரேணிகுண்டாக் காலனியின் நிலைமையை முதலில் நோக்குவோம். வீட்டிலே தமிழ், தெருவிலும் கடையிலும் தெலுங்கு, அலுவலகத் தாளிலே ஆங்கிலம். மூன்று மொழிக்கும் நடுவே நம் குழந்தை வளர்கிறது. விடைத்தாளில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிழையாக எழுதிவிட்டால், 'இதுகூடத் தெரியவில்லையா?' என்று கடிந்துகொள்கிறோம். குழந்தையோ தனக்கு மூளை குறைவு என்று எண்ணித் தலை குனிகிறது. அங்ஙனம் தலை குனிய வேண்டுவதில்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம். அப்பிழைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது; மற்றொன்று நம் தமிழ் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது.

முதற் காரணத்தைக் காண்போம். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இலண்டனை அடுத்த வெஸ்ட்மினிஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடம் அதுவே. அச்சு வந்தபின் சொற்களின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்து நின்றுவிட்டது. மக்களின் நாவோ நிற்கவில்லை. அதற்கு முன்னும் பின்னுமாகச் சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் பெரிதும் மாறிவிட்டன. எழுத்து பழைய ஒலிக்கு, பேச்சு புதிய ஒலிக்கு என்றாயிற்று. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் தலையில் 'கே' என்னும் எழுத்து வாய் திறவாமல் நிற்கிறது. ஒரு காலத்தில் அதையும் ஒலித்தே பேசினர். ஒலி மறைந்தது, எழுத்து தங்கிவிட்டது.

போதாக்குறைக்குப் புலவர்களும் கைவைத்தனர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. வந்தபோது அதில் 'பி' என்னும் எழுத்து இல்லை. அதன் மூலம் இலத்தீன் என்று அறிந்த புலவர்கள், இலத்தீனில் இருந்த 'பி'யை இடையிலே செருகிவிட்டனர். ஒருவரும் ஒலிக்காத அவ்வெழுத்தை இன்றைக்கும் நம் குழந்தைகள் மனப்பாடம் செய்கின்றனர். கடனுக்கு வட்டி கட்டுவது இதுதான் போலும்!

1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தது. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூல் எழுத்துமுறையை ஏறத்தாழ நிலைநாட்டிவிட்டது. 1828-இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் அகராதியை வெளியிட்டு, 'கலர்', 'ஹானர்' முதலிய சொற்களில் 'யு'வை நீக்கி எழுதும் முறையை அங்கே வேரூன்றச் செய்தார். நாம் பின்பற்றுவது இங்கிலாந்து முறை. கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ அமெரிக்க முறை அமைந்திருப்பின், நாம் சரியாக எழுதியதன் கீழும் சிவப்புக்கோடு விழும். அது கண்டு மருளுதல் வேண்டா.

ஆங்கிலத்தில் எழுதிய அறிஞருள்ளும் சிலர் இம்முறையை வெறுத்தனர். நாடகாசிரியர் பெர்னார்டு ஷா 1950-இல் மறைந்தபோது, ஆங்கிலத்துக்குப் புதிய எழுத்துமுறை காண்பதற்கெனத் தம் உயிலில் பொருள் ஒதுக்கி வைத்திருந்தார். 1962-இல் அவருடைய நாடகம் ஒன்று அப்புதிய எழுத்தில் அச்சாயிற்று. ஆயினும் அது வழக்கில் வேரூன்றவில்லை. ஷா போன்றோரே சலித்துப்போன எழுத்துமுறையில் காலனிச் சிறுவன் ஒருவன் இடறுவது வியப்பன்று.

இனி இரண்டாவது காரணம். இது நமக்கே உரியது. தமிழில் வல்லினத்துக்கு எழுத்து ஒன்று; ஒலியோ இடத்துக்குத் தக்கவாறு மாறும். 'பல்' என்னும்போது பகரம் வலிந்து ஒலிக்கிறது. 'அம்பு' என்னும்போது மெல்லெழுத்தை அடுத்து மென்மையாய் ஒலிக்கிறது. ஒருவரும் கற்பிக்காமலே நம் நா இதை அறிந்துகொள்கிறது. தமிழுக்கு இவ்வமைப்புப் போதும். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் கொணரும்போதுதான் இடர் நேர்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையும் 'பில்'. அதற்குத் தரும் கணக்குச் சீட்டும் 'பில்'. மேய்கின்ற ஆடும் 'கோட்'. மேலே அணியும் உடையும் 'கோட்'. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் நமக்குப் 'பி'. பதினாறாம் எழுத்தும் 'பி'. நான்காம் எழுத்தும் 'டி'. இருபதாம் எழுத்தும் 'டி'. இப்பேச்சு மலரில் அச்சேறும்போது இவ்விடர் இன்னும் தெளிவாகப் புலப்படும்.

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வண்டியின் கடைப்பெட்டியில் கொடியோடு நிற்பவரை நெடுங்காலம் 'கார்டு' என்று அழைத்துவந்தோம். 2022 முதல் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினர். வீட்டில் அரிசி வாங்குவதற்கு வைத்திருப்பதும் 'கார்டு'. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பாதையும் 'கார்டு லைன்'. தமிழெழுத்தில் மூன்றும் ஒன்றே. ஆங்கிலத்தில் காவலருக்கு முதலெழுத்து 'ஜி', அட்டைக்குச் 'சி', பாதைக்கோ 'சி'யை அடுத்து ஓசையற்ற 'எச்' ஒன்று உண்டு. மூன்றாவது சொல் கணிதத்திலிருந்து வந்தது. வட்டத்தின் இரு புள்ளிகளை நேராக இணைக்கும் கோட்டை 'நாண்' என்கிறோம் அன்றோ? கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று வில்போல் வளைந்து செல்லும் பழைய பாதைக்கு இது நாண். பொருளை அறிந்துகொண்டால் எழுத்து மறவாது.

இவ்விடத்தில் நம் அண்டை வீட்டாரிடம் ஒரு நன்மை இருக்கிறது. தெலுங்கெழுத்தில் ககரத்துக்கு வகை நான்கு. பகரத்துக்கும் அவ்வாறே நான்கு. வலிய ஒலி வேறு, மெலிய ஒலி வேறு என்று தெலுங்குச் சிறுவன் எழுத்து கற்கும்போதே அறிகிறான். நம் குழந்தை பள்ளியில் தெலுங்கு கற்பதைச் சுமை என்று கருதுவோர் உளர். அக்கல்வி ஆங்கில ஒலிகளைப் பிரித்துக் கேட்பதற்கும் துணைசெய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காரணங்களைக் கண்டோம். இனிச் சொற்களைப் பார்ப்போம். நூற்றுக்கணக்கான சொற்களை அடுக்கினால் ஒன்றும் நினைவில் தங்காது. நாம் அன்றாடம் வழங்கும் இருப்புப்பாதைச் சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

'ஃபேர்' என்பது பயணக் கட்டணம். அதற்கு எழுத்து எஃப், ஏ, ஆர், இ. மற்றொரு 'ஃபேர்' நியாயத்தையும் சந்தையையும் குறிப்பது. அதற்கு எஃப், ஏ, ஐ, ஆர். நியாய விலைக் கடைப் பலகையில் இருப்பது பின்னது. பயணச்சீட்டில் இருப்பது முன்னது.

'பெர்த்' என்பது வண்டியில் நாம் படுக்கும் பலகை. அதில் இரண்டாம் எழுத்து 'இ'. மற்றொன்று பிறப்பு, அதில் இரண்டாம் எழுத்து 'ஐ'. பிறப்புச் சான்று கேட்டு விண்ணப்பம் எழுதுவோர் 'இ'யை இட்டுவிட்டால், படுக்கைக்குச் சான்று கேட்டதாக முடியும்.

'பிரேக்' இரண்டு. வண்டியை நிறுத்துவது ஒன்று, உடைதல் மற்றொன்று. இரண்டிலும் உள்ள ஐந்து எழுத்துகளும் அவையே, வரிசைதான் வேறு. நிறுத்தும் பிரேக்கில் 'ஏ' நடுவில் வரும். 'இ' இறுதியில் நிற்கும். உடைதலில் 'இ'யும் 'ஏ'யும் அடுத்தடுத்து வந்து 'கே'யில் முடியும். 'பிரேக் வான்' என்பது முன்னது. 'பிரேக்டவுன்' என்பது பின்னது. காலை உணவாகிய 'பிரேக்ஃபாஸ்ட்' எதைச் சேர்ந்தது? இரவெல்லாம் உண்ணாதிருந்த நோன்பை முறிப்பதால் அதுவும் பின்னதையே சேர்ந்தது.

'ஸ்டேஷனரி' என்னும் சொல்லில் இடறாத எழுத்தரைக் காண்பது அரிது. நகராமல் நிற்பதைக் குறிப்பது ஒன்று. தாள், மை முதலிய எழுதுபொருள்களைக் குறிப்பது மற்றொன்று. நிற்பதற்கு 'ஆர்' என்னும் எழுத்துக்கு முன் 'ஏ'. எழுதுபொருளுக்கு அவ்விடத்தில் 'இ'. உறையைக் குறிக்கும் 'என்வலப்' என்னும் சொல் 'இ'யில் தொடங்குவது; அதை விற்கும் கடைக்கும் 'இ' என்று நினைவில் கொள்க. இவ்விரண்டும் உண்மையில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். முற்காலத்தில் ஐரோப்பாவில் வணிகர் பலர் ஊர் ஊராய்த் திரிந்து விற்றனர். பல்கலைக்கழகங்களின் அருகே ஓரிடத்தில் நிலையாகக் கடைவைத்து நூலும் தாளும் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றனர். நிற்கும் இடம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதற்கு மூலம். நம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் மூலம் அதுவே.

'பெர்சனல்' என்பது ஒருவர்க்கு மட்டும் உரியது. அதில் 'என்' ஒன்று. நம் சம்பளமும் பதவி உயர்வும் விடுப்பும் நோக்கும் 'பெர்சனெல்' கிளையில் 'என்' இரண்டு. இறுதியில் 'இ'யும் 'எல்'லும் வரும். ஆட்கள் பலராதலின் 'என்' இரண்டு என்று கொள்க.

'லூஸ்' என்று நாம் ஒலிக்கும் சொற்கள் இரண்டு. தளர்ந்திருப்பது ஒன்று, இழப்பது மற்றொன்று. ஆங்கிலேயர் நாவில் இழப்பதன் இறுதி ஒலி அதிரும். அவ்வொலி தமிழில் இல்லாமையால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. தளர்ந்தது இடத்தை மிகுதியாய் அடைக்கும். அதற்கு 'ஓ' இரண்டு. மற்றதோ ஒன்றை இழந்தது. அதற்கு 'ஓ' ஒன்றே.

'அட்வைஸ்' என்னும் அறிவுரை பெயர்ச்சொல்லாயின் 'சி'; அறிவுறுத்து என்னும் வினைச்சொல்லாயின் 'எஸ்'. 'லைசென்ஸ்', 'பிராக்டிஸ்' ஆகியவற்றுக்கும் இங்கிலாந்து முறையில் இவ்விதியே. 'ஐஸ்' என்பது ஒரு பொருளின் பெயர், அதில் 'சி' உண்டு. 'இஸ்' என்பது வினை, அதில் 'எஸ்' உண்டு. இந்த இரு சிறு சொற்களை நினைவில் வைத்தால் விதி மறவாது.

சில சொற்களுக்கு இணை இல்லை. ஆயினும் பிழை நேர்வதுண்டு. 'கேஜ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள பிராட்கேஜும், 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜும் முன்னாளில் வந்து கூடிய சந்திப்பு நம் ரேணிகுண்டா. அப்பேர்ப்பட்ட ஊரில் வாழும் நாம் அச்சொல்லைத் தவறாக எழுதலாமோ? 'ஜி'யை அடுத்து 'ஏ', அதன்பின் 'யு'. அகரவரிசையில் 'ஏ' முந்தியது என்று கொண்டால் மாறாது. தங்குமிடத்தைக் குறிக்கும் 'அக்காமடேஷன்' என்னும் சொல்லில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. வந்தவர் அனைவர்க்கும் இடமுண்டு. 'ரிசீட்' என்பதில் இறுதி எழுத்துக்கு முன் ஒலிக்காத 'பி' ஒன்று, அதாவது பதினாறாம் எழுத்து, ஒளிந்திருக்கிறது. நாம் சொல்லும் 'ரசீது' அதன் சிதைவு என்று கருதுவோர் உளர். அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல்.

அன்பர்களே! இவற்றிலிருந்து தேறும் உண்மை யாது? ஆங்கிலத்தில் செவியை நம்பி எழுதுதல் ஆகாது. கண்ணால் எழுத்தைக் காணவேண்டும். அறிவால் பொருளைக் காணவேண்டும். கணிப்பொறி திருத்திக் கொடுக்குமே என்பர் இளைஞர். இல்லாத சொல்லை எழுதினால்தான் அது திண்ணமாகப் பிடிக்கும். பிறப்பு என்னும் இடத்தில் படுக்கையை எழுதினால், அதுவும் ஒரு சொல் ஆதலின் பலகால் வாளா விட்டுவிடும். கருவி காணத் தவறுவதைக் கருத்தே காணவேண்டும். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வுகளில் சரியாக எழுதப்பட்ட சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினா வழக்கமானது. தேர்வுக் கூடத்தில் சிவப்புக்கோடு இடுவார் எவரும் இலர்.

பொருளறிந்து படிப்பதன் இன்றியமையாமையை இருப்புப்பாதை வரலாறே நமக்கு உணர்த்தும். 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸ் நாட்டில் ஏபர்மியூல் என்னும் சிற்றூரருகே ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதிக்கொண்டன. 17 பேர் மாண்டனர். அப்பாதையில் செல்லும் ஓட்டுநர், அந்தந்தப் பகுதியின் பெயர் பொறித்த 'டேப்ளட்' என்னும் தகட்டைப் பெற்றே செல்லவேண்டும். முன்னே கடந்து வந்த பகுதிக்குரிய தகடே, கைமாறிக் கைமாறி அதே ஓட்டுநரிடம் திரும்பிவிட்டது. கொடுத்தவரும் அதிலிருந்த பெயரைப் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. உருவம் ஒன்றாயிருந்தது, எழுத்து வேறாயிருந்தது. ஒற்றைப் பாதையில் பந்து வடிவான டோக்கனை வாங்கிப் பணிசெய்த நம் மூத்தோர்க்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நிலையங்களின் குறியெழுத்துகளைப் பாருங்கள். டி, பி, டி என்னும் மூன்றும் தமிழ்நாட்டுத் திருப்பத்தூரைக் குறிக்கும். இறுதியில் 'ஒய்' ஒன்று சேர்ந்தால் திருப்பதியைக் குறிக்கும். ஓர் எழுத்து விடுபட்டால், வேங்கடவனைக் காண வருபவர் ஜோலார்பேட்டைக்கு அப்பால் இறங்க நேரிடும்.

இனி நம் மனத்தை நெடுநாள் வருத்திய செய்தி ஒன்று. நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் குடும்பத் தலைவர் பணியிலிருக்கும்போதே காலமானார். அவர் மனைவியின் பெயரில் ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குரிய எழுத்து இல்லை. கணவரின் பணிப்பதிவேட்டில் எவரோ 'எல்' என்று எழுதினர். ஆதார் அட்டையில் 'இசட், எச்' என்று வந்தது. வங்கிப் புத்தகத்தில் 'எல்' இரண்டாயிற்று. அந்த அம்மையார் ஒருவரே, தாள்களில் மூவர். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும்வரை குடும்ப ஓய்வூதியம் நின்றது. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், மனுமேல் மனு, அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடை என்று பல மாதங்கள் சென்றன. கணவரை இழந்த துயரத்தோடு, 'நான்தான் அவர் மனைவி' என்று சன்னல்தோறும் நின்று சொல்லும் நிலை அவருக்கு வந்தது. அதுவரை மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைக் காலனியார் சேர்ந்து கட்டினர். ஓர் எழுத்துக்காக ஒரு வீட்டில் அடுப்பு அணையலாமோ?

இவ்வகையில் அரசினர்க்கும் இடர் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு ஆணையை வெளியிட்டு, எழுந்த மாறுபட்ட கருத்துகளால் அம்மாதத்திலேயே திரும்பப் பெற்றது. ஊர்ப்பெயரை அரசு மீண்டும் ஆராயலாம். நம் பெயரை நாம்தாம் காக்கவேண்டும்.

ஆதலின் காலனிக் குடும்பத்தார் அனைவர்க்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள தாள்களையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்புங்கள். பணிப்பதிவேட்டில் உள்ள குடும்ப விவரத்தின் படி, ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றில் ஒவ்வொருவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்பதையும் நோக்குங்கள். வேறுபாடு தென்பட்டால், பணியிலிருக்கும்போதே மனுக்கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்று ஒரு விண்ணப்பத்தில் முடிவது நாளை ஓர் ஆண்டை விழுங்கும். தாய்மார்களும் தங்கள் பெயரின் ஆங்கில எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவும் எழுதவும் பழகிக்கொள்ளல் வேண்டும். அலுவலகத்தில் எவர் எழுதினாலும், 'படித்துக் காட்டுங்கள்' என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நான்கு பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். சொல்லைத் தனியே கற்காமல் அதன் இணையோடு சேர்த்துக் கற்க. ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் அமைத்து எழுதுக. பொருளும் பிறப்பும் அகராதியில் காண்க. இறுதியாக, நீங்களே பிழைசெய்த சொற்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. பிறர் பிழைப்பட்டியல் நூலை விட அக்குறிப்பேடு மிகுந்த பயன் தரும். நாளொன்றுக்கு ஓர் இணை போதும். ஓராண்டில் முந்நூறுக்கு மேல் ஆகும். அவ்வளவு பிழைகள் உங்களிடம் இருக்கவும் இரா!

இப்போது சொன்னபடி தமிழுக்கு வருகிறோம். தமிழிலும் மயங்கொலிச் சொற்கள் உண்டு. 'தலை' என்பது உடலின் உறுப்பு. 'தளை' என்பது விலங்கு. 'தழை' என்பது இலை. 'அரம்' இரும்பை அராவும். 'அறம்' வாழ்வைக் காக்கும். ஆயினும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இதில் ஒரு பெரும் வேறுபாடு இருக்கிறது. கட்டணத்தையும் நியாயத்தையும் குறிக்கும் 'ஃபேர்' இரண்டையும் எத்துணைத் திருத்தமாக ஒலித்தாலும் ஒலி ஒன்றே. தலை, தளை, தழை மூன்றையும் திருத்தமாக ஒலித்தால் மூன்றும் வேறு வேறாகக் கேட்கும். வாய் திருந்தினால் கை திருந்தும். இது தமிழ் நமக்கு அளித்த பேறு.

அப்பேற்றை நம் காலனிக் குழந்தைகள் இழந்து வருகின்றனர். தெலுங்கில் லகரமும் ளகரமும் உண்டு. ழகரம் இன்று இல்லை. ஆதலின் நம் வீட்டுச் சிறார் 'பளம்' என்கின்றனர், 'மளை' என்கின்றனர், 'தமிள்' என்றே சொல்கின்றனர். நாமும் சிரித்துவிட்டு விடுகிறோம். விளைவு யாது? ஒலி நாவில் மறைந்தபின், எழுத்தை மனப்பாடம் செய்தே எழுதவேண்டும். ஆங்கிலத்தில் 'நைஃப்' என்னும் சொல்லின் 'கே' எவ்வாறு ஓசையற்ற எழுத்தாயிற்றோ, அவ்வாறே நம் வீடுகளில் ழகரமும் ஆகிவிடும். அங்கே அம்மாற்றம் நிகழ நூற்றாண்டுகள் சென்றன. புலம்பெயர்ந்த குடும்பத்தில் ஒரு தலைமுறை போதும்.

ஆங்கிலப் பிழைக்குக் குழந்தையைக் கடிந்துகொள்ளும் நாம், தமிழ்ப் பிழையைக் கேட்டு வாளாவிருப்பது முறையாகுமா? இரண்டுக்கும் கடிதல் வேண்டா; இரண்டுக்கும் பொறுமையான பயிற்சி வேண்டும். ஆங்கிலத்துக்குக் கண்ணைப் பழக்குவோம்; தமிழுக்கு நாவைப் பழக்குவோம். இரவு உணவின்போது ஒரு கால் மணி நேரம் தாயோ தந்தையோ குழந்தையைத் தமிழ் நாளிதழின் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்தால் போதும். இவ்வாறு படிக்கும் சிறார்க்கென நம் சங்கக் கூடத்தில் வாரம் ஒருநாள் மாலை வகுப்பு நடத்த இடம் தருமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். ஆங்கில இணைச் சொற்களை நாம் எழுதிப்போடுவோம். ழகரத்தைக் கற்பிக்க இங்கே நம்மினும் வல்ல தாய்மார்கள் பலர் உளர்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களைப் பாயில் பரப்ப மறவாதீர்கள் என்று மீண்டும் நினைவூட்டி அமர்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.